கர்ப்பமும் நீரிழிவும்

கர்ப்பத்தோடு சேர்ந்த நீரிழிவு இரு வகைப்படும். ஏற்கெனவே சர்க்கரை நோயுள்ள பெண் கருத்தரிப்பது ஒன்று. கர்ப்ப காலத்தில் முதன்முதலாகத் தோன்றும் கர்ப்பகால நீரிழிவு மற்றொன்று. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. அதற்கு ஈடுகொடுத்துக் கணையம் கூடுதலாகச் சுரக்காவிட்டால் சர்க்கரை ஏறும்.

வரலாறு: இந்நிலையை 1824இல் பெர்லின் பல்கலைக்கழக ஆய்வேட்டில் பென்னவிட்ஸ் விவரித்தார். 1882இல் லண்டன் மருத்துவர் மேத்யூஸ் டங்கன் தொகுத்த விவரங்களில் தாய் இறப்பும் சிசு இறப்பும் மிகுதி. 1921இல் கண்டறியப்பட்ட இன்சுலின் தாய்மாரைக் காத்தது. சிசு இறப்பு அதன் பிறகும் மிகுதியாகவே இருந்தது. பாஸ்டன் ஜோஸ்லின் மருத்துவமனையில் 1924 முதல் பணியாற்றிய பிரிசில்லா ஒயிட் அம்மையார் இச்சிசுக்களைக் காப்பதையே வாழ்நாள் பணியாக ஏற்றார்.

வகைப்பாடு: ஒயிட் 1949இல் வெளியிட்ட வகைப்பாடு தாயின் நோய் தொடங்கிய வயது, அது நீடித்த ஆண்டுகள், இரத்தக்குழாய்ப் பாதிப்பு ஆகிய மூன்றையும் கொண்டு சிசு பிழைக்கும் வாய்ப்பைக் கணித்தது. உணவுக் கட்டுப்பாட்டிலேயே அடங்குவது 'ஏ'. 20 வயதுக்குப் பின் தொடங்கி 10 ஆண்டுக்குள் இருப்பது 'பி'. 10 முதல் 19 வயதுக்குள் தொடங்கியது அல்லது 10 முதல் 19 ஆண்டு நீடித்தது 'சி'. 10 வயதுக்கு முன் தொடங்கியது அல்லது 20 ஆண்டைக் கடந்தது 'டி'. சிறுநீரகம் கெட்டிருந்தால் 'எஃப்'. விழித்திரைக்கு 'ஆர்', இதயத்துக்கு 'எச்' என்பவை பின்னர் சேர்ந்தன. தாயின் மிகைச் சர்க்கரை சிசுவுக்குப் பாய, சிசுவின் கணையம் இன்சுலினை மிகையாகச் சுரந்து உடல் பருக்கிறது என்பதை டென்மார்க்கின் பெடர்சன் விளக்கினார். 1964இல் ஓ'சல்லிவன், மாகன் இருவரும் கர்ப்பகால நீரிழிவுக்கு முதல் அளவுகோலை வகுத்தனர்.

சென்னை முறை: இந்தியாவின் முதல் நீரிழிவு மருத்துவத் துறையை 1978இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நிறுவிய வீ. சேஷய்யா கர்ப்பகால நீரிழிவு மருத்துவத்தின் இந்திய முன்னோடி. தமிழ்நாட்டில் அவர் குழு நடத்திய, 2008இல் வெளியான ஆய்வு கர்ப்பகால நீரிழிவு நகரத்தில் 17.8, சிறுநகரத்தில் 13.8, கிராமத்தில் 9.9 விழுக்காடு எனக் காட்டியது. கர்ப்பிணிகள் அனைவருக்கும் சோதனை தேவை என்று தமிழ்நாடு அரசு 2007இல் ஆணையிட்டது. சேஷய்யாவின் பிறந்த நாளான மார்ச் 10 தேசியக் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அவர் 2022இல் பத்மஸ்ரீ பெற்றார்.

சோதனை: சேஷய்யா குழுவின் சென்னை முறைப்படி, 75 கிராம் குளுக்கோஸை 300 மி.லி. நீரில் கரைத்து, 5 முதல் 10 நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். முன்னதாகச் சாப்பிட்டிருந்தாலும் தடையில்லை. 30 நிமிடத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் மீண்டும் செய்வர். இரண்டு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 140 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் உறுதி. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டு அளவுகோல் வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153 என மூன்று அளவுகளைக் கேட்கிறது. வெறும் வயிற்றோடு நெடுந்தூரம் பேருந்தில் வந்து காத்திருக்க வேண்டிய பெண்ணுக்குச் சென்னை முறையே பொருந்தும்.

கருத்தரிக்கும் முன்: ஏற்கெனவே நோயுள்ள பெண்ணுக்கு மிக முக்கியமான கட்டம் இதுவே. சிசுவின் உறுப்புகள் முதல் எட்டு வாரத்தில் உருவாகின்றன. பெரும்பாலோர் மருத்துவரை நாடும்போது அக்காலம் கடந்துவிடுகிறது. ஆகவே மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் HbA1c அளவை 6.5 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவந்த பிறகே கருத்தரிக்கத் திட்டமிட வேண்டும். ஃபோலிக் அமில மாத்திரையை முன்கூட்டியே தொடங்க வேண்டும். விழித்திரை, சிறுநீரகப் பரிசோதனை தேவை. சில இரத்த அழுத்த மாத்திரைகளையும் கொழுப்புக் குறைப்பு மாத்திரைகளையும் மருத்துவர் மாற்றித் தருவார்.

கர்ப்ப காலத்தில்: முதல் வருகையிலும் 24 முதல் 28ஆம் வாரத்திலும் சோதிக்க வேண்டும். இரண்டு வார உணவுத் திட்டத்துக்குப் பின்னும் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை 120ஐ எட்டினால் இன்சுலின் அல்லது மெட்ஃபார்மின் தரப்படும். சோறு, இட்லியை ஒரே வேளையில் நிறைத்துச் சாப்பிடாமல், பயறு, காய்கறியோடு ஆறு வேளையாகப் பகிர்ந்து உண்பது நல்லது.

இன்றைய நிலை: நடுவண் அரசின் 2014, 2018 வழிகாட்டுதல்கள் சென்னை முறையையே ஏற்றுள்ளன. பிரசவமான 6 வாரத்தில் தாயை மீண்டும் சோதிக்க வேண்டும்; கர்ப்பகால நீரிழிவு வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மிகுதி என்பதால், அடுத்த குழந்தைக்கான கவனிப்பு இச்சோதனையிலிருந்தே தொடங்குகிறது.