குகைமேல் விழுந்த பழி

உலகில் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டிய ஊர்கள் என்று பட்டியல் போடுகிறவர்கள் இப்போது மத்தேராவை விடுவதில்லை. தென் இத்தாலியில், பசிலிக்காத்தா மாநிலத்தில், கிராவினா என்னும் ஓடை அறுத்துப் போட்ட பள்ளத்தாக்கின் விளிம்பில் இருக்கிறது இந்த ஊர். நடுவில் சிவித்தா என்ற மேடு. அதன் உச்சியில் பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பேராலயம். மேட்டின் இரு பக்கமும் பரிசானோ, கவெயோசோ என்ற இரண்டு சரிவுகள், வெளிறிய சுண்ணக்கல்லில் குடைந்தும் கட்டியும் ஏறிய வீடுகளோடு பள்ளம் வரை இறங்குகின்றன. இந்தச் சரிவுகளுக்குத்தான் சாஸ்ஸி என்று பெயர். கீழ்வீட்டின் கூரைதான் மேல்வீட்டுக்காரருக்குத் தெரு. ஒன்பதாயிரம் ஆண்டுகளாக மனிதர்கள் இடைவிடாமல் இதே குகைகளில் வாழ்ந்தார்கள் என்று சுற்றுலாக் கையேடுகள் வியக்கின்றன. எழுபது ஆண்டுகளுக்கு முன் இதே குகைகளைக் காட்டி, இருபதாம் நூற்றாண்டிலும் மனிதர்கள் இப்படியா வாழ்வது என்று இத்தாலிய அரசியல்வாதிகள் தலைகுனிந்தார்கள். ஒன்று பெருமை, மற்றது அவமானம். ஆனால் இரண்டும் ஒரே தவற்றைச் செய்கின்றன என்பதே என் வாதம். பெருமையோ பழியோ, எல்லாவற்றையும் குகையின் தலையில் ஏற்றிவிட்டு, அதைச் சுற்றியிருந்த நீரையும் நிலத்தையும் கணக்கில் எடுக்காமல் விடுகின்றன. 1950களில் உலகம் கண்ட மத்தேராவின் துன்பம் கற்காலத்தின் மிச்சம் அல்ல. அதற்கு வயது மிஞ்சிப்போனால் இருநூற்றைம்பது ஆண்டுகள்.

பழமையிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் அது பொய்யும் அல்ல. மருத்துவரும் தொல்லியலாளருமான தொமெனிக்கோ ரிதோலா இந்த வட்டாரத்தில் அகழ்ந்தெடுத்தவை 1911இல் அரசு அருங்காட்சியகமாயின. இன்றும் அது அவர் பெயரில் இயங்குகிறது. புதிய கற்கால மனிதர்கள் இங்கே வாழ்ந்ததற்கு ஐயமில்லாத சான்றுகள் அங்கே உள்ளன. ஆனால் அவற்றில் முக்கியமானவை கிடைத்த இடம் பள்ளத்தாக்கின் எதிர்க்கரையில் உள்ள முர்ஜா மேட்டுநிலம். பாறையில் அகழி வெட்டி, அதற்குள் திறந்த வெளியில் குடிசை போட்டு வாழ்ந்த ஊர்கள் அவை. ஆகவே ‘இந்தப் பகுதியில் மனிதர் நெடுங்காலமாக வாழ்கிறார்கள்’ என்பது ஒரு செய்தி. ‘இந்த வீட்டில் ஒன்பதாயிரம் ஆண்டுகளாகக் குடியிருக்கிறார்கள்’ என்பது முற்றிலும் வேறு செய்தி. முதலாவதைச் சொல்லி இரண்டாவதை விற்கிறார்கள். சாஸ்ஸியின் இன்றைய தோற்றத்தில் பெரும்பங்கு இடைக்காலத்திலும் அதற்குப் பின்னும் வந்தது. துறவிகளும் ஊராரும் குடைந்த பாறைக்கோயில்கள் மட்டும் சுற்றுவட்டாரத்தில் நூற்றைம்பதுக்கு மேல். வீடுகளும் வெறும் பொந்துகளாக இருக்கவில்லை. பாறையைக் குடையும்போது வெளிவந்த கல்லையே செதுக்கி முன்பக்கத்தில் வளைகூரை அறை எழுப்பினார்கள். குடும்பம் முன்னறையில் இருக்க, பின்னால் போன குடைவு தானியத்துக்கும் மதுவுக்கும் மாட்டுக்குமான இடமாக இருந்தது. குகை மனிதன் என்ற படத்தை இந்த அமைப்பின் மேல் ஒட்டுவது கடினம்.

இந்த ஊரின் உண்மையான சாதனை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. மழை குறைவான, ஆறு பள்ளத்தில் ஓடும் ஊர் இது. அந்த நீரை மேலே கொண்டுவருவது பெரும்பாடு. எனவே கூரைகளிலும் முற்றங்களிலும் விழும் மழைநீரைச் சுடுமண் குழாய்களிலும் கல்லில் வெட்டிய வாய்க்கால்களிலும் இறக்கி, பாறைக்குள் மணி வடிவில் குடைந்த தொட்டிகளில் சேர்த்தார்கள். சுவர் கசியாதிருக்க, உடைந்த ஓட்டுத் தூளைச் சுண்ணாம்போடு குழைத்துப் பூசினார்கள். முற்றத்தைச் சுற்றிய சில குடும்பங்கள் சேர்ந்தது ஒரு விச்சினாத்தோ. அவர்களுக்கு நீர்த்தொட்டி பொது. ரொட்டி சுடுவது தெருவின் பொது அடுப்பில். யாருடைய ரொட்டி எது என்று தெரிவதற்காகக் குடும்ப முதலெழுத்துச் செதுக்கிய மர முத்திரையை மாவில் அழுத்தி அனுப்புவார்கள். அந்த முத்திரைகள் இன்று நினைவுப்பொருள் கடைகளில் விற்கின்றன. நீர்த்தொட்டிகளில் மிகப் பெரியது ஊர்ச் சதுக்கத்தின் அடியிலிருக்கும் பலொம்பாரோ லுங்கோ. பத்தொன்பதாம் நூற்றாண்டில் முழு உருவம் பெற்ற அது சுமார் ஐம்பது லட்சம் லிட்டர் நீரைக் கொள்ளும். 1920களில் குழாய்நீர் வந்ததும் அது கைவிடப்பட்டு, மூடப்பட்டு, மறந்தும் போனது. 1991இல்தான் மீண்டும் திறந்து பார்த்தார்கள். மேலே நடந்துபோனவர்களுக்குக் காலடியில் ஒரு தேவாலயம் அளவுக்கு வெற்றிடம் இருப்பது தெரிந்திருக்கவில்லை. மத்தேராவில் ஒன்றை மட்டும்தான் பார்க்க நேரமிருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன். மலைச்சரிவின் மாலைக் காட்சியை அல்ல.

அப்படிப்பட்ட ஊர் எப்படிச் சீரழிந்தது? 1663இல் மத்தேரா பசிலிக்காத்தாவின் தலைநகரானது. பணமும் பதவியும் உள்ளவர்கள் சரிவை விட்டு ஏறி, மேலே பியானோ என்ற சமதளத்தில் மாளிகை கட்டினார்கள். திருச்சபையின் கட்டடங்களும் சந்தையும் அந்தப் பக்கமே நகர்ந்தன. சரிவில் எஞ்சியவர்கள் உழவர்களும் ஆட்டிடையர்களும். 1806இல் நேப்பிள்ஸ் அரியணையில் அமர்ந்த ஜோசப் போனபார்ட்டின் ஆட்சி தலைநகரைப் பொத்தென்சாவுக்கு மாற்றியது. அதே ஆண்டில் நிலப்பிரபுத்துவத்தையும் ஒழித்தது. காகிதத்தில் இது விடுதலை. நடைமுறையில், ஊர்ப்பொதுவாக இருந்து ஏழைகள் ஆடு மேய்த்தும் விறகு பொறுக்கியும் பிழைத்த நிலங்கள், காசு வைத்திருந்த புதிய உடைமையாளர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. 1861இல் இத்தாலி ஒன்றான பிறகு திருச்சபை நிலங்களும் ஏலத்துக்கு வந்தன. ஏலத்தில் கூலிக்காரன் எடுக்க என்ன இருக்கிறது? மேய்ச்சல் போனதும் இடையர்கள் தினக்கூலிகளானார்கள். ஆட்கள் பெருகினார்கள், இடம் பெருகவில்லை. தொழுவம் வீடானது, பாதாள அறை வீடானது, கடைசியில் நீர்த்தொட்டியே வடிக்கப்பட்டு வீடானது. நம் ஊர்களில் ஏரிக்குள் மனை போட்டதைப் போல, நீர் நிற்க வேண்டிய இடத்தில் குடும்பம் குடியேறியது. தேக்கப் பூசிய சுவருக்குள் காற்றும் வெளிச்சமும் ஏது? மழைநீர் வடிந்தோடிய இரண்டு பெரிய ஓடைகள் சாக்கடைகளாயின. 1930களில் அவற்றின் மேல் சாலை போட்டு மூடினார்கள். கழுதையும் பன்றியும் கோழியும் குடும்பமும் ஒரே அறையில் என்ற புகழ்பெற்ற காட்சி இப்படித்தான் பிறந்தது.

இதை ஆட்சியாளர்கள் அறியாமலும் இல்லை. 1902இல் பிரதமர் சனார்தெல்லி தள்ளாத வயதில் பசிலிக்காத்தாவைச் சுற்றிப் பார்த்தார். 1904இல் அந்த மாநிலத்துக்கென்று தனிச்சட்டமும் வந்தது. ஆனாலும் பெரிதாக எதுவும் மாறவில்லை. நாட்டை உலுக்கியது ஒரு புத்தகம். பாசிச எதிர்ப்பாளரான கார்லோ லெவி, ஓவியரும் மருத்துவரும், 1935இல் பசிலிக்காத்தாவுக்குத் தண்டனையாக அனுப்பப்பட்டு அலியானோ என்ற சிற்றூரில் வைக்கப்பட்டார். அந்த நாட்களை வைத்து அவர் எழுதி 1945இல் வெளிவந்த ‘கிறிஸ்து எபோலியில் நின்றுவிட்டார்’ நூலில் மத்தேராவுக்குச் சில பக்கங்களே உண்டு. அதுவும், அவரைப் பார்க்க வந்த வழியில் அந்த ஊரைக் கடந்த அவருடைய சகோதரி லூயிசா சொன்னதாக வருகிறது. அவரும் மருத்துவர். கண்நோயும் மலேரியாவும் வாட்டிய குழந்தைகள், கொய்னா மாத்திரை கேட்டுப் பின்னால் ஓடிவந்த பிள்ளைகள் என்று அந்தச் சில பக்கங்கள் போதுமாயிருந்தன. 1948இல் கம்யூனிஸ்ட் தலைவர் தொல்யாத்தி வந்து பார்த்து இதை அவமானம் என்றார். 1950இல் பிரதமர் டி காஸ்பெரி வந்தார். எதிரெதிர்க் கட்சிகள் அபூர்வமாக ஒத்துப்போன விஷயம் இது. ஒத்துப்போவது அவர்களுக்கு எளிதாகவும் இருந்தது என்பேன். குகையைக் குற்றவாளியாக்கினால் நிலத்தை யார் வைத்திருக்கிறார் என்ற கேள்வியை அவ்வளவு அழுத்திக் கேட்க வேண்டியதில்லை.

1952 மே மாதம் சிறப்புச் சட்டம் நிறைவேறியது. அடுத்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், அதாவது அன்றைய நகர மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேர், சரிவிலிருந்து புதிய குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டார்கள். இதை வெறும் அதிகாரிகளின் வேலை என்று தள்ளிவிட முடியாது. தட்டச்சு இயந்திரத் தொழிலதிபர் அட்ரியானோ ஒலிவெத்தியின் ஊக்கத்தோடு, மெய்யியலாளர் ஃப்ரீட்ரிக் ஃப்ரீட்மன் தலைமையில், மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று குகை குகையாக ஆராய்ந்தார்கள். லா மார்த்தெல்லா என்ற புதிய உழவர் ஊரைக் கட்டடக்கலைஞர் லுடோவிகோ க்வரோனி குழுவினர் வடிவமைத்தபோது, பழைய முற்றத்து உறவு குலையக் கூடாது என்பதற்காக வீடுகளை வளைந்த தெருக்களில் சிறு கூட்டங்களாக வைத்தார்கள். ஒவ்வொரு வீட்டோடும் தொழுவம் சேர்த்தார்கள். போருக்குப் பிந்தைய இத்தாலியக் கட்டடக்கலையில் பெயர் பெற்ற முயற்சி அது. ஆனால் தொழுவத்தில் கட்ட மாடும், மாட்டை ஓட்டிப்போக நிலமும் வேண்டுமே. நிலச்சீர்திருத்தம் பங்கிட்டுத் தந்த துண்டுகள் பலருக்குக் குடும்பம் நடத்தப் போதவில்லை. குடியேறியவர்களிலும் அவர்கள் பிள்ளைகளிலும் எத்தனையோ பேர் தூரினுக்கும் மிலானுக்கும் ஜெர்மனிக்கும் தொழிற்சாலை வேலை தேடிப் போனார்கள். என் வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. குகையிலிருந்து வெளியேற்றிய பிறகும் வறுமை கூடவே வந்தது என்றால், வறுமை குகையில் இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானதும்கூட. ஈரச் சுவரும் கொசுவும் குழந்தைச் சாவும் உண்மை. மின்விளக்கும் குழாயும் கழிப்பறையும் உள்ள வீட்டுச் சாவியைப் பெற்ற தாய்க்கு, ‘உங்கள் நீர்த்தொட்டி அமைப்பு அற்புதமானது’ என்று எவராவது சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார், அல்லது விரட்டியிருப்பார். வெளியேற விரும்பியவர்கள் மிகுதி. அந்த விருப்பத்தைப் பண்பாட்டு இழப்பு என்று பெயரிட்டுப் புலம்ப வெளியூர்க்காரர் எவருக்கும் உரிமை இல்லை. நான் சொல்வது வெளியேற்றம் தவறு என்பதல்ல. நீர்த்தொட்டியில் குடியிருக்க யாரும் பிறவியிலேயே விரும்புவதில்லை. அங்கே தள்ளப்பட்டதற்கு வரலாறு உண்டு. அந்த வரலாற்றை விட்டுவிட்டு, ‘இவர்கள் கற்காலத்திலிருந்து இப்படித்தான்’ என்று சொன்ன கணமே தள்ளியவர்கள் எல்லோரும் தப்பித்துவிடுகிறார்கள். அவமானச் சொல்லும் பெருமைச் சொல்லும் கைகோத்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

மக்கள் போன பிறகு சாஸ்ஸி அரசின் சொத்தாகி, சுவரெழுப்பி அடைக்கப்பட்டுப் பாழடைந்தது. அந்த வெறுமைதான் அதை அழகாக்கியது என்று சொன்னால் கொடுமையாகத் தோன்றலாம்; ஆனால் நிகழ்ந்ததை வரிசையாகப் பாருங்கள். ஊர் இளைஞர்கள் சிலர் 1959இல் லா ஸ்காலெத்தா என்ற சங்கம் அமைத்து, கைவிடப்பட்ட பாறைக்கோயில்களைத் தேடிப் பதிவு செய்தார்கள். ஆதிப் பாவக் குகை என்று இன்று அறியப்படும் கோயிலின் சுவரோவியங்கள் 1963இல் அவர்களால்தான் வெளியுலகுக்குத் தெரியவந்தன. அதற்கு முன் அது ஆட்டிடையர் ஒதுங்கும் இடம். 1964இல் பசோலினி தன் மத்தேயு நற்செய்திப் படத்துக்கு இங்கே எருசலேமைக் கண்டார். நாற்பது ஆண்டு கழித்து மெல் கிப்சனும் அதையே செய்தார். பிறகு ஜேம்ஸ் பாண்டின் காரும் இந்தக் கல்தெருக்களில் சீறிப் பாய்ந்தது. விவிலியக் காலம் போலத் தெரிய வேண்டுமென்றால் தெருவில் மின்கம்பியும் துணிக்கொடியும் இருக்கக் கூடாது. அதற்கு ஆட்களை அப்புறப்படுத்தியிருக்க வேண்டும். 1986இல் இன்னொரு சட்டம் சீரமைப்புக்குப் பணம் ஒதுக்கி, விரும்புவோருக்கு நீண்டகாலக் குத்தகைக்குக் குகைகளைக் கொடுக்க வழிசெய்தது. 1993இல் யுனெஸ்கோ மரபுச் சின்னப் பட்டியலில் சேர்த்தது. 2019இல் பல்கேரியாவின் புளோவ்திவ் நகரோடு சேர்ந்து ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரானது. 1952 சட்டம் ஊரை வெறுமையாக்காமல் இருந்திருந்தால் 1993இல் பட்டியலில் சேர்க்க இந்த வடிவில் ஓர் ஊர் மிஞ்சியிருக்காது.

சுற்றுலா இல்லையென்றால் கூரை எல்லாம் இடிந்து விழுந்திருக்குமே என்பார்கள். உண்மைதான். முப்பது ஆண்டுகள் பூட்டிக் கிடந்ததில் எவ்வளவோ விழுந்தும்விட்டது. விடுதிக்காரர்கள் தங்கள் பணத்தையும் போட்டு எழுப்பினார்கள். அதற்காக அவர்களைக் குறைசொல்வது அறிவீனம். ஆனால் காப்பாற்றியது எதை என்றும் கேட்கலாம். கல் காப்பாற்றப்பட்டது. முற்றத்தைச் சுற்றியிருந்த பகிர்வு, கூரைநீரைத் தொட்டிக்கு அனுப்பிய ஒழுங்கு, இவை பெரும்பாலும் விளக்கப் பலகைகளில்தான் உள்ளன. சில விடுதிகளில் பழைய நீர்த்தொட்டியே விருந்தினர் குளிக்கும் குளமாகியிருக்கிறது. மூன்று தலைமுறைக்கு முன் அதே வடிவிலான தொட்டியில் ஒரு குடும்பம் இருமிக்கொண்டு கிடந்திருக்கும். குகை வீடு எப்படி இருந்தது என்று காட்டக் கட்டில், தொட்டில், தொழுவம் எல்லாம் வைத்து அலங்கரித்த காட்சியகத்துக்குக் கூட்டம் வரிசை கட்டுகிறது. ஏழு கிலோமீட்டரில் இருக்கும் லா மார்த்தெல்லாவுக்குக் கட்டடக்கலை மாணவர்களைத் தவிர அநேகமாக யாரும் போவதில்லை. மத்தேராவைப் பார்க்கப் போகிறவர்கள் அங்கேயும் போய்வர வேண்டும். இருபதாம் நூற்றாண்டு மத்தேராவின் மறுபாதி அங்கேதான் குடியிருக்கிறது. சாஸ்ஸியின் பெரும்பகுதி இன்றும் அரசுடைமை. எந்தக் குகை விடுதியாக வேண்டும், எது மறுபடி வீடாக வேண்டும் என்பதைக் குத்தகை கொடுக்கும் நகராட்சியே தீர்மானிக்கிறது. ஒவ்வொரு குத்தகை புதுப்பிப்பின்போதும் அந்த முடிவை மாற்றவும் அதற்கு முடியும்.