நான்கும் இரண்டும் ஆறு: ஒரு வளையத்தின் வரலாறு



டீல்ஸ்-ஆல்டர் வினையை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். தேர்வுக்குச் சமன்பாடு போதும் என்பதால், அதன் பின்னால் இருந்த மனிதர்களைப் பற்றிப் பேச வகுப்பில் நேரம் கிடைத்ததில்லை. இப்போது கிடைத்திருக்கிறது.

முதலில் ஒரு நினைவூட்டல். பியூட்டாடையீனில் நான்கு கார்பன்கள், இரண்டு இரட்டைப் பிணைப்புகள். எத்திலீனில் இரண்டு கார்பன்கள், ஓர் இரட்டைப் பிணைப்பு. அழுத்தத்தில் சூடாக்கினால் இரண்டும் முனையோடு முனை சேர்ந்து ஆறு கார்பன் வளையமாகும். அதுதான் சைக்ளோஹெக்சீன். ஓர் அணுகூட வீணாகாது. எத்திலீன் இடத்தில் குயினோன் போல இரட்டைப் பிணைப்புள்ள வேறு பொருளும் வரலாம்.

1906-லேயே ஆல்பிரெக்ட் என்பவர் சைக்ளோபென்டாடையீனையும் குயினோனையும் சேர்த்துப் புதுப்பொருள் எடுத்துவிட்டார். ஆனால் அதற்கு அவர் எழுதிய அமைப்பு தவறு. 1920-இல் சுவீடனில் ஆய்லரும் யோசப்சனும் ஐசோப்ரீனை வைத்துச் செய்து, சரியான அமைப்பையே ஊகித்தார்கள், மேலே தொடரவில்லை.

1928-இல் ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தில் ஓட்டோ டீல்ஸும் அவருடைய மாணவர் குர்ட் ஆல்டரும் அதே பழைய பொருள்களைக் கையில் எடுத்தார்கள். அமைப்பை நிறுவியதோடு, இது ஒரு பொதுவான வினை என்றும் காட்டினார்கள். இயற்கைப் பொருள்களை உருவாக்க இது உதவும், அந்த வேலையை எங்களுக்கே ஒதுக்கிக்கொள்கிறோம் என்றும் கட்டுரையில் எழுதினார்கள்!

காலம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் டீல்ஸ் தன் மகன்கள் இருவரை இழந்தார். 1944 குண்டுவீச்சில் அவருடைய ஆய்வுக்கூடம் அழிந்தது. 1950-இல் இருவருக்கும் நோபல் பரிசு வந்தபோது டீல்ஸுக்கு வயது 74.

அவர்கள் ஒதுக்கி வைத்த வேலையைப் பிறர் செய்தார்கள். நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேரில் ரெசர்பைன் என்ற ரத்த அழுத்த மருந்து இருக்கிறது. 1956-இல் அமெரிக்காவின் வுட்வர்ட் அதைச் செயற்கையாக உருவாக்கினார். அவருடைய தொடக்கப் படியே குயினோனைக் கொண்டு செய்த டீல்ஸ்-ஆல்டர் வினைதான்.

உங்களில் சிலர் இன்று வேதியியல் ஆசிரியர்கள். 1928-ஐச் சொல்லும்போது 1906-ஐயும் 1920-ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள். மூன்று முறையும் குடுவையில் நடந்தது ஒரே வினை. விடாமல் பின்தொடர்ந்தவர்கள் பெயர்தான் அதற்கு நிலைத்தது.