பழத்தின் மேல்விலாசம்

சித்திரை, வைகாசி மாதங்களில் பண்ருட்டியை அடுத்த அண்ணாகிராமத்துப் பக்கம் போனவர்கள் அந்தக் காட்சியை மறக்கமாட்டார்கள். செம்மண் தோப்புகளில், பலா மரத்தின் அடித்தண்டைக் கட்டிக்கொண்டு குடம் குடமாகப் பழங்கள். பச்சையும் பழுப்பும் கலந்த, அழகைப் பற்றிய கவலையே இல்லாத நிறம். வேலியைத் தாண்டினால் முந்திரி. கிளை நுனியெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாகப் பளபளக்கிறது. மண் ஒன்று, வெயில் ஒன்று. பழங்கள் மட்டும் ஏன் இப்படி வேறுபட வேண்டும்?

மரத்துக்குக் காலில்லை, விதையோ தாயின் நிழலை விட்டுப் போயாக வேண்டும். அதற்காக மரம் எழுதுகிற கடிதம்தான் பழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறமும் மணமும் உருவமும் அதன் மேல்விலாசம். கோவைப்பழமும் ஆலம்பழமும் சிவப்பாக, வாய்க்கு அடக்கமாக இருப்பது குயிலுக்கும் மைனாவுக்கும் ஆக. பழத்தின் அழகு இப்படி அழைப்பதற்குத்தான் என்று டார்வினே எழுதியிருக்கிறார்.

பலா யாருக்கு எழுதிய கடிதம்? முப்பது கிலோப் பழத்தைக் குயில் தூக்காது. அதற்கு நிறம் வேண்டாம், ஊரைக் கூட்டும் மணம் போதும்; தண்டில் தொங்கினால் எட்டுவதற்கும் சுலபம். யானை, கரடி போன்ற பெரிய மிருகங்களுக்கு எழுதியது அது. மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகள்தாம் பலாவின் பிறந்தகம். சங்கப் புலவர்களும் அதைக் குறிஞ்சி நிலத்து மரமாகவே பாடினார்கள்.

அப்படியானால் இந்தச் சமவெளிக்கு அது வந்தது எப்படி? பலாக்கொட்டையைப் புளியங்கொட்டை மாதிரி முடிந்து வைத்து அடுத்த வருஷம் ஊன்ற முடியாது. ஈரம் உலர்ந்தால் செத்துப்போகும். ஆகவே, ருசித்துத் தின்ற மனிதர்கள், கொட்டை காயுமுன் தோப்புக்குத் தோப்பு, தலைமுறைக்குத் தலைமுறை, ஊன்றிக்கொண்டே வந்திருக்க வேண்டும். யானை பார்த்த வேலையை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். சரித்திரத்தில் அவர்கள் பெயர் இல்லை.

முந்திரியின் பிரயாணத்துக்குச் சாட்சி உண்டு. பிரேஸிலில் கண்ட அந்த மரத்தை ஆந்த்ரே தெவே என்ற பிரெஞ்சுத் துறவி 1558ல் தம் நூலில் வர்ணித்தார். போர்த்துகீசியக் கப்பலேறி வந்த அதைக் கொச்சித் தோட்டங்களில் பார்த்ததாக 1578ல் அகோஸ்டா என்ற வைத்தியர் எழுதினார். கொட்டைதான் அதன் அசல் பழம்; நாம் பழம் என்பது பருத்த காம்பு. கொட்டை வளர்ந்த பிறகே காம்பு பருத்து நிறமேறுகிறது. கடிதத்தை எழுதி முடித்துவிட்டுத்தான் தபால் தலை ஒட்டுகிறது! நிறம் பகலில் வரும் குரங்குக்கு. மணம் இரவில் வரும் வௌவாலுக்கு. கொட்டையைக் கடித்தாலோ ஓட்டிலுள்ள எண்ணெயில் வாய் வெந்துவிடும். கடல் கடந்து வந்த அந்த விலாசத்தை நம் ஊர் வௌவால்களும் படித்துவிட்டன. காம்பைத் தின்று கொட்டையைப் போட்டுப் போகின்றன.

இதே ஜில்லாவில், சிதம்பரத்துக்குக் கிழக்கே, பிச்சாவரத்துச் சுரபுன்னைக்கு இந்த அலங்காரமெல்லாம் கிடையாது. அங்கே தபால்காரன் உப்பு நீர். தண்ணீருக்குக் கண்ணுமில்லை, மூக்குமில்லை. விதை மரத்திலேயே முளைத்து, பச்சை ஈட்டி போல் நீண்டு, சேற்றில் விழுந்து குத்திக்கொள்கிறது. அல்லது மிதந்து போகிறது.

2011 டிசம்பர் 30ந் தேதி 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது, பலாவும் முந்திரியும் கணக்கில்லாமல் வேரோடு சாய்ந்தன. மறுபடி நடவேண்டியவன் மனிதன். யானைக்குப் பாரபட்சம் கிடையாது; தின்றதையெல்லாம் விதைத்துக்கொண்டு போகும். மனிதனோ தனக்குப் பிடித்த ஒரு கடிதத்தையே திரும்பத் திரும்பப் பிரதி எடுக்கிறான். ஒட்டுக்கன்று சீக்கிரம் காய்க்கும். தாயைப் போலவே காய்க்கும். கொட்டை போட்டு வளர்த்த மரத்துக்கு அந்த உத்தரவாதம் இல்லை. சுளை தேனாகவும் இருக்கலாம், வெறும் சக்கையாகவும் இருக்கலாம்.

அந்தப் பக்கத்துத் தோப்பு ஒன்றில், வேலியோரம் பலாக்கொட்டை ஊன்றிக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். எழுபது வயது இருக்கும்.

"ஒட்டுக்கன்று வைக்கவில்லையா?" என்று கேட்டேன்.

"உள்ளே அதான் வெச்சிருக்கேனுங்க. அது எப்படிக் காய்க்கும்னு எனக்கே தெரியும்" என்றார். பிறகு கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே, "இது எப்படிக் காய்க்கும்னு பேரப்பிள்ளைங்க பார்க்கட்டுமுங்க" என்றார்.