எள்ளலும் எழுத்துரிமையும்: மாண்டி பைத்தான் குழுவின் வரலாறு

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலாவதாக வைத்தவர் தொல்காப்பியர். அந்நகை தோன்றும் நிலைக்களன்களை நான்காக வகுத்தபோதும் எள்ளலையே முதற்கண் நிறுத்தினார். எளியோரை எள்ளுதல் எளிது. அதிகாரத்தை எள்ளுதல் அரிது. அவ்வரிய செயலை, அரச பட்டயத்தால் நிறுவப்பெற்ற பி.பி.சி. நிறுவனத்தின் செலவிலேயே செய்துகாட்டிய ஆங்கில நகைச்சுவைக் குழு ஒன்றன் வரலாற்றை ஈண்டுக் காண்போம். மாண்டி பைத்தான் என்பது அக்குழுவின் பெயர். குழுவில் அப்பெயருடையார் எவரும் இலர். வேடிக்கை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

வேர்கள்

இக்குழுவின் வேர்களுள் ஒன்று நம் நாட்டு மண்ணைத் தொடுகிறது. 1951 முதல் 1960 வரை பி.பி.சி. வானொலியில் 'கூன் ஷோ' என்னும் நிகழ்ச்சி நடைபெற்றது. அதன் பெரும்பகுதியை எழுதிய ஸ்பைக் மில்லிகன், 1918இல் அன்றைய அகமத்நகரில் பிறந்தவர். தந்தை பிரிட்டிஷ் இந்தியப் படையில் பணிபுரிந்தமையால், பூனாவிலும் இரங்கூனிலும் இளமையைக் கழித்தவர். பின்னர்த் தாமும் பீரங்கிப் படையில் சேர்ந்து உலகப் போரில் பங்குகொண்டார். படையின் மிடுக்கையும் பேரரசின் பெருமிதத்தையும் அவர் ஒலியாலேயே நகையாடினார். 1960இல் எடின்பரோ விழாவில் அரங்கேறிய 'பியாண்ட் த ஃபிரிஞ்ச்', ஆட்சியிலிருந்த பிரதமரையே மேடையில் பகடி செய்தது. இவ்விரண்டையும் கேட்டும் கண்டும் வளர்ந்த மாணவர்களே பின்னாளில் பைத்தான் குழுவினராயினர்.

கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்ற கிரகாம் சாப்மன், சட்டம் பயின்ற ஜான் கிளீஸ், இலக்கியம் பயின்ற எரிக் ஐடில்; ஆக்ஸ்ஃபோர்டில் இலக்கியம் பயின்ற டெர்ரி ஜோன்ஸ், வரலாறு பயின்ற மைக்கேல் பாலின்; இவர்களோடு அமெரிக்க ஓவியர் டெர்ரி கில்லியம். முதல் ஐவரும் 1966இல் தொடங்கிய 'ஃப்ராஸ்ட் ரிப்போர்ட்' நிகழ்ச்சிக்கு எழுதியவர்கள். பிறர்க்கு எழுதிக் கொடுத்துப் பழகியவர்கள், தமக்காக எழுத விரும்பியபோது பிறந்ததே இக்குழு. எழுதியவற்றைக் கூடியிருந்து உரக்கப் படிப்பர். பெரும்பாலோரைச் சிரிக்க வைத்ததே நிகழ்ச்சியில் இடம்பெறும்.

1969ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் முதல் நிகழ்ச்சி ஒளிபரப்பாயிற்று. 1974 வரை நான்கு தொடர்களில் 45 நிகழ்ச்சிகள் வெளிவந்தன. ஒவ்வொரு காட்சியும் ஒரு நகைப்பு வரியோடு முடிய வேண்டும் என்னும் பழைய மரபை அவர்கள் கைவிட்டனர். காட்சி இடையிலேயே முறியும். கில்லியம் வெட்டி ஒட்டிய படங்கள் அசைந்து வந்து அடுத்த காட்சிக்குப் பாலமாகும்.

ஓர் அமைச்சகம்

1970 செப்டம்பரில் ஒளிபரப்பான 'அபத்த நடைகள் அமைச்சகம்' நம்மைப் போன்ற அரசு ஊழியர் அனைவரும் அறியத்தக்கது. வட்டத் தொப்பியும் கைப்பெட்டியுமாக அமைச்சர் அலுவலகம் வருகிறார். கால்களை உயர வீசியும் மடக்கியும் விந்தையாக நடக்கிறார். எவரும் வியப்பதில்லை. தம் நடையை வளர்த்துக்கொள்ள மானியம் வேண்டி வந்த எளியவரிடம், அந்நடையில் அபத்தம் போதாது என்கிறார். பாதுகாப்புக்கும் கல்விக்கும் நிகராகத் தம் துறைக்கு நிதி கிட்டவில்லை என வருந்துகிறார். விண்ணப்பம், தகுதி, ஒதுக்கீடு என்னும் நடைமுறையில் யாதொரு பிழையும் இல்லை, பொருள்தான் இல்லை. முறை பிறழாமலே ஓர் அலுவலகம் பொருளற்றுப் போகக்கூடும் என்பதைக் கோப்புகளோடு வாழும் நாம் இதனினும் தெளிவாகக் கற்பது அரிது.

எழுத்தைக் காத்தல்

1975இல் அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சி, இவர்தம் நிகழ்ச்சிகள் மூன்றை ஒன்றாக்கி வெளியிட்டபோது, 90 நிமிடங்களில் 24 நிமிடங்களை வெட்டிவிட்டது. விளம்பரத்திற்கு இடம் வேண்டும். சில சொற்கள் ஆகா. இவையே காரணங்கள். சிதைத்த படைப்பை எம் பெயரால் காட்டலாகாது எனக் குழுவினர் வழக்குத் தொடுத்தனர். 1976இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வெட்டப்பட்ட வடிவத்தை ஒளிபரப்பத் தடை விதித்தது. படைப்பாளியின் உரிமை பற்றிய வாதங்களில் இத்தீர்ப்பு இன்றும் எடுத்தாளப்படுகிறது.

திரைப்படத்திலும் போராட்டமே. 1975இல் வந்த 'ஹோலி கிரெயில்' படத்திற்குக் குதிரை வாங்கப் பணமில்லை; ஆர்தர் மன்னர் குதிரையேறியவர்போல் துள்ளி வர, பணியாள் இரு தேங்காய் மூடிகளைத் தட்டிக் குளம்பொலி எழுப்பினான். வறுமையே நகையாயிற்று. 1979இல் வந்த 'லைஃப் ஆஃப் பிரையன்', மீட்பர் எனத் தவறாகக் கருதப்பட்ட ஒருவனின் கதை. அஞ்சிய இ.எம்.ஐ. நிறுவனம் விலகிக்கொள்ள, பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் பொருள் தந்து காத்தார். அயர்லாந்தும் நார்வேயும் படத்தைத் தடை செய்தன.

தாக்கம்

டச்சுக்காரரான கைடோ வான் ரோசம், 1991இல் தாம் வெளியிட்ட கணினி மொழிக்குப் பைத்தான் எனப் பெயரிட்டது பாம்பைக் கருதியன்று, இந்நிகழ்ச்சியைக் கருதியே. வேண்டா மின்னஞ்சலை 'ஸ்பாம்' என்பதும், டப்பா இறைச்சியின் பெயரை ஓயாது கூவிய இவர்தம் 1970ஆம் ஆண்டுக் காட்சியினால் வந்தது.

சாப்மன் 1989இல் மறைந்தார். எஞ்சிய ஐவரும் 2014இல் இலண்டனில் இறுதியாகக் கூடி நடித்தனர். ஜோன்ஸ் 2020இல் மறைந்தார்.

பி.பி.சி. இவர்களை எப்போதும் மகிழ்வோடு தாங்கியதில்லை; சொற்களை வெட்டச் சொன்னதும் உண்டு. ஆயினும் நிகழ்ச்சி நின்றுவிடவில்லை. அபத்த நடைகளைக் கண்டு நாடு சிரித்தது. அதனால் எந்த அமைச்சகமும் சரிந்துவிடவில்லை. எள்ளலைத் தாங்கும் ஆட்சி இழப்பது ஒன்றுமில்லை. தன் எழுத்தைக் காக்கத் துணிந்த எழுத்தாளன் பெறுவதோ மிகப் பலவாகும்.