சேணமும் வெறுங்காலும்

மாத்தளைக் குன்றுகளின் காடுகள் 1840களில் கோப்பித் தோட்டங்களாயின. செங்குத்தான அம்மலைப் பாதைகளில் வண்டி ஓடாது. துரைமாருக்குக் குதிரையே கதி. நெடுநேரம் சேணத்தில் அமர்ந்தால் தொடை உராய்ந்து புண்ணாகும். ஆதலால் சவாரிக் காற்சட்டையின் தொடைப்பகுதியில் மென்தோல் வைத்துத் தைப்பது வழக்கம். உள்ளாடையிலோ தடித்த தையலும் மடிப்பும் ஆகா. வியர்வையில் நனைந்த சிறு மடிப்பே தோலை உரித்துவிடும். (பேர்பெற்ற சோத்பூர்க் காற்சட்டை இங்கிலாந்தில் பரவியது 1897க்குப் பின்னரே. அதற்குள், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியையே அழித்துவிட்டது.)

துரையின் தொடைக்கு இத்தனை காப்பு! அவர் குதிரையைத் தொடர்ந்தோடிய குதிரைக்காரனுக்குச் செருப்புமில்லை. மன்னாரில் கரையிறங்கித் தம்புள்ளை வழியே மாத்தளைக்கு நடந்த தமிழ்த் தொழிலாளரும் வெறுங்காலினரே. வாந்திபேதியும் காய்ச்சலும் அவர்களுட் பலரை வழியிலேயே மாய்த்தன. 1880இல் கண்டிப் பக்கமிருந்து மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது. வடக்கேயிருந்து வந்தவர்கள் அதன் பின்னரும் நடந்தே வந்தனர்.