எல்ம் மரமும் ஒரு மாணவியும்

நெதர்லாந்து நகரங்களில் சாலையோரத்திலும் கால்வாய்க் கரையிலும் நிழல் தருபவை எல்ம் மரங்கள். முதல் உலகப் போர் முடிந்த சமயம், அவை இலை வாடி, கிளை காய்ந்து, வரிசையாகப் பட்டுப்போயின. போரில் வீசிய விஷவாயு, கடும்பனி, வறட்சி என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

பெயா ஷ்வார்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவி, அந்நாட்டின் முதல் பெண் பேராசிரியரான யோஹன்னா வெஸ்டர்டைக்கிடம் பயின்றவர். நோயுற்ற கிளைகளை ஆராய்ந்து, ஒரு பூஞ்சைதான் காரணம் என்று 1922-இல் எழுதினார். நிபுணர்கள் பலர் ஏற்கவில்லை. 1927-இல் அதே ஆய்வகத்தின் கிறிஸ்டின் பாய்ஸ்மன், நல்ல மரங்களில் அந்தப் பூஞ்சையைச் செலுத்தி நோயை வரவழைத்துக் காட்டினார்.

மரத்தினுள் நீர் ஏறும் குழாய்களை அந்தப் பூஞ்சை அடைத்துவிடுகிறது. பட்டையைத் துளைக்கும் வண்டுகள் அதை மரத்துக்கு மரம் கொண்டுபோகின்றன. காரணம் தெரிந்ததால்தான் நோயுற்ற மரத்தை உடனே அகற்றி மற்றவற்றைக் காக்கவும், நோயைத் தாங்கும் வகைகளை வளர்க்கவும் முடிந்தது. அத்தகைய ஒரு வகைக்குப் பாய்ஸ்மன் பெயரையே வைத்தார்கள். கண்டுபிடித்தது அந்நாட்டவர் என்பதால் நோய்க்கு ‘டச்சு எல்ம் நோய்’ என்று பெயர். நோய் பிறந்த இடம் அதுவல்ல.

நாமோ மரம் காய்ந்தால் வெட்டச் சொல்கிறோம். ஏன் காய்ந்தது என்று கேட்பதில்லை. இந்தக் கோடை விடுமுறையில் நம் வளாகத்துப் பிள்ளைகளிடம் ஒரு நோட்டைக் கொடுப்போம். எந்த மரத்தின் அடியைச் சிமெண்ட் நெரிக்கிறது, எதில் ஆணி அடித்திருக்கிறது, எதில் பட்டை உரிந்திருக்கிறது என்று எழுதட்டும். மழைக்காலத்துக்கு முன் சங்கக் கூட்டத்தில் அதைப் படித்துவிட்டு முடிவெடுப்போம்.