தட்டப்பாறை முதல் தேயிலைமலை வரை: சோகைக்குக் காரணம் தேடிய வரலாறு

மணியாச்சியிலிருந்து தூத்துக்குடிக்கு 1876இல் ரயில் ஓடத் தொடங்கிய பின், இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்க்கு இத்துறைமுகம் முக்கிய வாயிலாயிற்று. கங்காணியின் பின்னால் வந்தவர்களைத் தட்டப்பாறை முகாமில் சில நாள் நிறுத்தி வைத்து, பிறகே கொழும்புக் கப்பலில் ஏற்றிய காலம் ஒன்று உண்டு. 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்க் கப்பலும் வந்தபின் கூட்டம் மன்னார் வளைகுடாவின் மறுமுனைக்கு, மண்டபம் முகாமுக்கு, நகர்ந்தது. இரு முகாம்களின் கவலையும் பிளேக், காலரா, பெரியம்மை ஆகியவற்றைப் பற்றியதே. வெளுத்த நகமும் வீங்கிய காலும் மூச்சு வாங்கும் நடையும் கப்பலேறத் தடையாகத் தெரியவில்லை. தோட்டத்தில் அதே மனிதர் மலையேற முடியாமல் உட்கார்ந்தபோதுதான் சோகை ஒரு கேள்வியாயிற்று. அப்போதும் முதலில் கிடைத்த விடை ‘சோம்பேறி’ என்பதுதான்.

மருத்துவர்களிடமும் தெளிவு இருக்கவில்லை. இலங்கையின் தலைமை மருத்துவ அதிகாரி கின்சி 1887இல் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலேயே சோகையும் பெரிபெரியும் ஒன்றாக நின்றன. மூன்றாண்டு கழித்து அஸ்ஸாமில் கைல்ஸ் கறுங்காய்ச்சலையும் கொக்கிப்புழுவின் வேலையென்றே முடிவு கட்டினார். இருவரையும் இன்று குறை சொல்வது எளிது. ஒரே உடம்பில் மலேரியா, புழு, பட்டினி மூன்றும் குடியிருந்தால் எதை எதனிடமிருந்து பிரிப்பது?

புழுவின் கதை ஐரோப்பாவில் வேறு பாதையில் வளர்ந்தது. மிலானில் 1838இல் துபினி அதைக் கண்டார். 1880இல் செயின்ட் கோதார்ட் மலைச்சுரங்கத் தொழிலாளரின் சோகைக்கு அதுவே காரணம் என்று தெரிந்தது. கெய்ரோவில் லூஸ் என்பவர் தம் கையில் தற்செயலாகச் சிந்திய நீரிலிருந்த இளம்புழுக்கள் தோல் வழியே நுழைந்ததைக் கண்டு, 1898இல் அதை அறிவித்தார். ஈரமும் நிழலும் உள்ள மண், அதில் மலம், அதன்மேல் வெறுங்கால்: புழுவுக்கு இவ்வளவு போதும். தூத்துக்குடியின் உப்பளத் தரையில் அது பிழைப்பது அரிது. தேயிலைச் செடியடி மண்ணோ அதற்காகவே அமைந்தது போன்றது. தொழிலாளர் குடியிருந்த லயங்களில் கழிப்பறை இல்லாத நிலையில், புழுவைச் சுமந்து வந்த ஒருவர் ஒரு மலைச்சரிவுக்கே அதைப் பரப்பிவிடலாம்.

ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 1916இல் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியபோது, சோதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் புழு இருந்தது. தைமால், செனோபோடியம் எண்ணெய், பிறகு கார்பன் டெட்ராகுளோரைடு என மருந்துகள் மாறின. கடைசியாகச் சொன்னது கல்லீரலைத் தாக்கக்கூடியது. பின்னாளில் மண்டபம் முகாமிலேயே, கப்பலேறும் முன், புழு மருந்து கொடுக்கும் ஏற்பாடும் வந்தது. கழிப்பறை கட்டாமல் மருந்து மட்டும் கொடுப்பது வீண் என்று இயக்கத்தினர் சொல்லியும், பல தோட்டத்துரைகள் செலவுக்குத் தயங்கினர். என் கணிப்பில், புழு என்ற விளக்கம் அவர்களுக்கு வசதியாக இருந்தது. குறை கூலியிலும் இல்லை, அரிசியிலும் இல்லை, தொழிலாளியின் குடலில் என்றாயிற்று.

உண்மையில் புழுவின் கணக்கு சோற்றுத்தட்டோடு பிணைந்தது. கொக்கிப்புழுக்களில் நெக்கேட்டர் இனப் புழு ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 0.03 மில்லிலிட்டர் இரத்தம் குடிக்கும். அன்கைலோஸ்டோமா இனம் அதைப்போல் ஐந்து மடங்கு. நூறு நெக்கேட்டர் இருந்தால் 3 மில்லிலிட்டர். ஏற்கெனவே இரத்தம் குறைந்தவரிடம்கூட அது ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் இரும்பு. ஒரு பகுதியைக் குடல் திரும்ப உறிஞ்சினாலும், அரிசியையே நம்பியவருக்கு நாளொன்றுக்கு உடலில் சேரும் இரும்பே ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். மாதவிடாயும் பிள்ளைப்பேறும் உள்ள பெண்ணுக்கு இருப்பு விரைவில் கரையும். போர்ட்டோ ரிக்கோவில் ரோட்ஸ், காசில் குழுவினர் 1934இல் காட்டியது இதுவே: புழுவை அகற்றாமலே இரும்பு கொடுத்தாலும் இரத்தம் ஏறியது. நம் சித்த மருத்துவர்கள் பாண்டு எனப்படும் சோகை நோய்க்கு அன்னபேதிச் செந்தூரம் கொடுத்து வந்தது இங்கே நினைக்கத்தக்கது. அன்னபேதி என்பது இரும்பு சல்பேட். பிரான்சில் பிளோ 1832இல் பரப்பிய மாத்திரைக்கும் அதுவே மூலப்பொருள்.

இரும்புக்கு மசியாத சோகையும் இருந்தது. மருத்துவ ஆய்வாளர் லூசி வில்ஸ் 1928இல் பம்பாய்க்கு வந்து, கர்ப்பிணிகளான ஆலைத் தொழிலாளரிடம் சிவப்பணு பெருத்திருக்கும் சோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும் சென்னையிலும் ஆய்வைத் தொடர்ந்தார். ஈஸ்ட் சாறான மார்மைட் அதைத் தீர்க்கிறது என்று 1931இல் எழுதினார். அதிலிருந்த பொருள் ஃபோலிக் அமிலம். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான லெடர்லே மருந்து நிறுவன ஆய்வுக்குழு 1945இல் அதைச் செயற்கையாகத் தயாரித்தது. புழுவும் உணவும் சாராத இன்னொரு வகை 1952இல் வெளிப்பட்டது: நீலகிரிப் பழங்குடியினரிடம் பரம்பரையாக வரும் அரிவாளணுவை லேமனும் கட்புஷ்ஷும் கண்டறிந்தனர்.

ஆக, சிவப்பணு சிறுத்திருந்தால் இரும்புக் குறை அல்லது தலசீமியா. பெருத்திருந்தால் ஃபோலேட் அல்லது பி12 குறை. வடிவம் கெட்டு விரைவில் அழிந்தால் பரம்பரைக் கோளாறு. நோயறிதலின் அடிப்படை இது. ஹீமோகுளோபின் 100 மில்லிலிட்டருக்குக் கர்ப்பிணிக்கு 11 கிராமுக்கும், மற்றப் பெண்களுக்கு 12க்கும், ஆண்களுக்கு 13க்கும் கீழிருந்தால் சோகை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்த அளவுகளுக்குக் கீழேயே இருந்தனர். இன்று ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிக்கு 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை 180 நாளைக்கு. முதல் மூன்று மாதம் கழிந்தபின் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒருமுறை. புழு என்றவர்களின் மருந்தும் உணவு என்றவர்களின் மருந்தும் ஒரே சீட்டில் எழுதப்படுகின்றன. ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டும் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராம்கூட ஏறாவிட்டால், பி12, தலசீமியா, அரிவாளணு ஆகியவற்றுக்கான சோதனைக்குப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். ஃபோலிக் அமிலத்தை மட்டும் தொடர்ந்து கொடுத்தால் இரத்தம் தேறியதுபோல் தோன்றும். பி12 குறையால் நரம்பு கெடுவது நிற்காது.